தண்டவாளத்துக்கும் ஓய்வு வேண்டும்!

"பராமரிப்புப் பணி காரணமாக ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை மின்சார ரயில்கள் ரத்து." சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் வசிக்கும் சகோதரிகளுக்கு இந்தச் செய்தி புதிதல்ல. பத்திரிகையில் அடிக்கடி கண்ணில் படுவதுதான். படித்தவுடனே எரிச்சல் வருவதும் இயற்கைதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் எல்லோரும் சேர்ந்து அம்மா வீட்டுக்கோ, கல்யாணத்துக்கோ, கோயிலுக்கோ போக முடிகிறது. அன்றைக்கென்று பார்த்து வண்டி இல்லை என்றால்?

"அப்படி என்னதான் ரிப்பேர் பண்றாங்களோ! போன மாசம்தானே பண்ணினாங்க? ராத்திரியிலே பண்ணக் கூடாதா?"

இந்த மூன்று கேள்விகளையும் பிளாட்பாரத்தில் நின்று கேட்காத பெண் இருக்க முடியாது. மூன்றுமே நியாயமான கேள்விகள். பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். என் கணவர் ரயில்வேயில் தண்டவாளப் பகுதியைக் கவனிக்கும் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த நாளில் அந்த உத்தியோகத்துக்கு 'பி.டபிள்யூ.ஐ.' என்று பெயர். இப்போது சீனியர் செக்‌ஷன் இன்ஜினியர் என்கிறார்கள். 1984-ல் கல்யாணமாகி ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்த நாள் முதல், 'பிளாக்' என்ற சொல் காதில் விழாமல் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் கழிந்ததில்லை.

இரும்புக்கு என்ன கேடு வரும்?

தண்டவாளம் என்றால் நமக்கு இரண்டு இரும்புத் தண்டுகள்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது பல அடுக்குள்ள ஒரு படுக்கை மாதிரி. அடியில் மண் கரை. அதன் மேல் கருங்கல் ஜல்லி. ஜல்லிக்குள் பாதி புதைந்தாற்போல் குறுக்கே ஸ்லீப்பர் கட்டைகள். முன்பு மரத்திலும் இரும்பிலும் இருந்தன; இப்போது கான்கிரீட். ஒவ்வொன்றும் கால் டன்னுக்கு மேல் கனம். கட்டையையும் தண்டவாளத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பவை வளைந்த எஃகுக் கிளிப்புகள்.

ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1,600 கட்டைகள். கட்டைக்கு நாலு கிளிப் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 6,400 கிளிப்புகள். வண்டி ஓட ஓட, அதிர்ச்சியில் இவற்றில் ஒன்றிரண்டு நெகிழாமல் இருக்குமா?

பாரத்தையும் பாருங்கள். பாரம் ஏற்றிய கூட்ஸ் வண்டியின் ஒரு சக்கரம் சுமார் 11 டன் எடையைத் தண்டவாளத்தின் மேல் இறக்குகிறது. சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடமோ ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னது. அவ்வளவு பாரம் அவ்வளவு சிறிய இடத்தில், நாள் முழுக்க, ஆயிரக்கணக்கான தடவை.

இலவம்பஞ்சு மெத்தையில் படுக்கப் படுக்கப் பள்ளம் விழுகிறது அல்லவா? ஜல்லிப் படுக்கையும் அப்படித்தான். ஓரிடத்தில் இறங்கும், அடுத்த இடத்தில் இறங்காது. அப்போது தண்டவாளம் மேடும் பள்ளமுமாகி வண்டி குலுங்கும். நாம் மெத்தையைத் தட்டிச் சமன் செய்வதுபோல் ஜல்லியையும் கட்டைக்கு அடியில் திணித்துச் சமன் செய்ய வேண்டும். நான் வந்த புதிதில் இதற்கென்று 'பீட்டர்' என்ற கனமான கருவியைத் தோளில் சுமந்துகொண்டு கேங் ஆட்கள் வரிசையாகப் போவார்கள். இப்போது பெரிய இயந்திரங்கள் வந்துவிட்டன. தண்டவாளத்தைக் கட்டையோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு, எஃகு விரல்களை ஜல்லிக்குள் செலுத்தி, அதிர்வு கொடுத்துக் கற்களை இறுக்கிவிட்டு நகர்கின்றன. இன்னொரு இயந்திரம் மண் சேர்ந்துபோன ஜல்லியைத் தோண்டி எடுத்து, நாம் அரிசி சலிப்பதுபோல் சலித்து, சுத்தமான கல்லை மட்டும் திரும்பப் போடுகிறது. மண் சேர்ந்தால் மழைநீர் வடியாது. நீர் நின்றால் படுக்கை சேறாகும்.

வெயிலும் ஒரு பகையாளி. காற்றின் சூடு 40 டிகிரி என்றால் தண்டவாளத்தின் சூடு 60 டிகிரியைத் தொடும். சூடு 30 டிகிரி ஏறினால், ஒரு கிலோமீட்டர் நீளத் தண்டவாளம் ஓர் அடிக்கும் மேல் நீளப் பார்க்கும். முன்பெல்லாம் 13 மீட்டருக்கு ஓர் இணைப்பு இருந்தது. அந்த இடைவெளியில் சக்கரம் விழுந்து எழுந்ததுதான் நம் பிள்ளைப் பிராயத்து 'தடக் தடக்' ஓசை. இப்போது தண்டவாளங்களை வெல்டிங் செய்து நீளமாக இணைத்துவிடுகிறார்கள். பயணம் சுகம்தான், ஆனால் நீள இடமில்லாத இரும்பைக் கட்டையும் ஜல்லியும்தான் அசையாமல் பிடித்துவைக்க வேண்டும். பிடி தளர்ந்தால் கோடையில் தண்டவாளம் பாம்புபோல் வளைந்துவிடும். குளிர்காலத்திலோ அது சுருங்கப் பார்க்கும். பலவீனமான இடத்தில் விரிசல் விடும்.

"போன மாசம்தானே பண்ணினாங்க?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். வீட்டைப் பெருக்கிய மறுநாளும் பெருக்குகிறோமே, ஏன்? குடியிருக்கிறோம், அதனால்.

நடந்தே பார்க்கும் கண்

இதையெல்லாம் நாள்தோறும் பார்ப்பவர் 'கீமேன்'. தமக்கு ஒதுக்கிய சுமார் ஐந்தாறு கிலோமீட்டரை ஒரு பக்கத் தண்டவாளத்தைப் பார்த்தபடி நடந்து போய், மறுபக்கத்தைப் பார்த்தபடி திரும்புவார். கையில் சுத்தியல், ஸ்பானர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி. பையில் 'டெட்டனேட்டர்' என்ற பட்டாசும் இருக்கும்.

அந்தப் பட்டாசின் உபயோகம் சுவாரசியமானது. தண்டவாளம் உடைந்திருப்பதைக் கண்டால் வண்டியை நிறுத்தியாக வேண்டும். வேகமாக வரும் வண்டி கொடியைப் பார்த்த மாத்திரத்தில் நின்றுவிடாது. நிற்பதற்கு ஒரு கிலோமீட்டர் போலத் தூரம் வேண்டும். ஆகவே உடைந்த இடத்திலிருந்து 1,200 மீட்டர் தள்ளி, 10 மீட்டர் இடைவெளியில் மூன்று பட்டாசுகளைத் தண்டவாளத்தின் மேல் பொருத்த வேண்டும். சக்கரம் ஏறினால் வெடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் டிரைவர் வேறு யோசனையின்றி வண்டியை நிறுத்துவார்.

மழைக்காலத்தில் ராத்திரி ரோந்தும் சேர்ந்துகொள்ளும். 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்து, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் விழுந்து, 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். எங்கள் காலனியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்தால் பெரியவர்கள் அந்த விபத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாத கோளாறுக்கு என்ன செய்வது? இதைக் கேட்டால் நம் இளம் தாய்மார்கள் சிரிப்பார்கள். தண்டவாளத்துக்கும் ஸ்கேன் உண்டு! கர்ப்பிணிகளுக்கு எடுக்கிறார்களே, அதே அல்ட்ராசவுண்ட் தத்துவம்தான். நம் வயிற்றில் வழவழப்பான ஜெல்லைத் தடவிக் கருவியை வைக்கிறார்கள். அங்கே ஒரு சின்னத் தள்ளுவண்டியில் கருவியைப் பொருத்தி, தண்டவாளத்தின் மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே தள்ளிப் போகிறார்கள். காதுக்குக் கேட்காத ஒலி இரும்புக்குள் போய், உள்ளே விரிசல் இருந்தால் எதிரொலியாகத் திரும்பி வரும். அதை வைத்து, 'உடனே மாற்று', 'கண்காணித்து வா' என்று தீர்மானிக்கிறார்கள்.

'பிளாக்' என்றால் என்ன?

நடந்து பார்க்க வண்டியை நிறுத்த வேண்டியதில்லை. கிளிப்பைத் தட்டிச் சரி செய்வதை இரண்டு வண்டிகளுக்கு நடுவே செய்துவிடலாம். தண்டவாளத்தை அறுத்து மாற்றுவதற்கும் இயந்திரத்தை ஏற்றி வேலை வாங்குவதற்கும் பாதை காலியாக இருந்தே ஆக வேண்டும். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது அடுப்பைக் கழற்றித் துடைக்க முடியுமா?

இந்த நேரம் வரை இந்தப் பாதையில் வண்டி விடுவதில்லை என்று எழுத்து மூலம் ஒப்படைப்பதுதான் பிளாக். தண்டவாளக்காரர்களும் வண்டி ஓட்டும் பிரிவினரும் முன்கூட்டியே கலந்து பேசி நேரம் குறிக்க வேண்டும். கண்ட்ரோல் ஆபீசில் எந்த வண்டி எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பதைக் கோடுகளாகப் போட்ட படம் இருக்கும். கோலம்போல் நெருக்கமான அந்தக் கோடுகளுக்கு நடுவே இடம் தேடுவதுதான் பெரிய பாடு. குறித்த நாள் வந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் 'பிரைவேட் நம்பர்' என்ற ரகசிய எண்ணைக் கொடுத்த பிறகுதான் வேலை தொடங்கும். வாய் வார்த்தைக்கு அங்கே மதிப்பில்லை.

மின்சாரப் பாதையானால் மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. அதையும் நிறுத்த வேண்டும். 'பவர் பிளாக்' என்பது அதுதான். பிறகு இயந்திரம் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து கிளம்பி வர வேண்டும். வேலை முடிந்ததும் ஆட்களையும் சாமான்களையும் எண்ணிச் சரிபார்த்து, பாதையை அளந்து, இயந்திரம் திரும்பிப் போக வேண்டும். 3 மணி நேரம் கொடுத்தால் கையில் நிற்பது 2 மணி நேரம்தான். "கொடுத்தது மூணு மணி, கிடைச்சது ரெண்டு மணி, அதிலே வண்டி லேட்டுன்னு அரை மணி போச்சு" என்று என் கணவர் அலுத்துக்கொள்ளாத வாரமே கிடையாது.

வேலை முடிந்ததும் உடனே பழைய வேகத்தில் வண்டி விடுவதும் இல்லை. கலைத்த ஜல்லி மறுபடி இறுகி நிலைக்க வேண்டும். அதுவரை டிரைவரின் கையில் எச்சரிக்கைச் சீட்டுக் கொடுத்து, முதலில் மணிக்கு 20 கிலோமீட்டர் போல மெதுவாக விட்டு, படிப்படியாக வேகத்தைக் கூட்டுவார்கள். நடுவழியில் வண்டி காரணமில்லாமல் ஊர்கிறதே என்று நாம் நினைக்கும்போது, பல சமயம் இப்படிப்பட்ட இடத்தைத்தான் கடந்துகொண்டிருப்போம்.

ராத்திரியில் செய்யக் கூடாதா?

செய்கிறார்கள். மின்சார ரயில் பாதைகளில் நள்ளிரவை ஒட்டிய கடைசி வண்டிக்கும், விடிகாலை 4 மணி வாக்கில் கிளம்பும் முதல் வண்டிக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளியில் எத்தனையோ வேலைகள் நடக்கின்றன. ராத்திரி 10 மணிக்குப் புளிசாதமும் தயிர் சாதமும் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, கொல்லைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு படுப்பது எனக்கு வழக்கமான காரியம்.

வெளியூர்ப் பாதையின் கதை வேறு. சென்னையிலிருந்து தெற்கே போகும் பாண்டியன், பொதிகை, நெல்லை, மலைக்கோட்டை எல்லாமே ராத்திரி வண்டிகள். நாம் தூங்கிக்கொண்டே ஊர் போய்ச் சேர ஆசைப்படுகிறோம். ஆகவே அந்தப் பாதைக்கு ராத்திரிதான் திருவிழா. கொஞ்சம் இடைவெளி விழுந்தால் கூட்ஸ் வண்டிகள் காத்திருக்கின்றன. அங்கே பகலில்தான் பிளாக் கிடைக்கும். தவிர, நுணுக்கமாக அளந்து செய்யும் வேலைக்குப் பகல் வெளிச்சமே உத்தமம். இரட்டைப் பாதையானால் ஒன்றை மூடிவிட்டு மற்றதில் இரு திசை வண்டிகளையும் மாற்றி மாற்றி விடலாம். ஒற்றைப் பாதையில் அந்த வசதியும் இல்லை.

பம்பாயில் வாழ்க்கைப்பட்ட சகோதரிகளைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை 'மெகா பிளாக்' பற்றி ஒரு பாட்டம் சொல்வார்கள். இன்று மும்பை என்று பெயர் மாறிவிட்ட அந்த ஊரில், வார நாட்களில் மூச்சு விட இடமில்லாத லோக்கல் பாதைகளுக்கு ஞாயிறு பகலில்தான் வைத்தியம். நாலு பாதையில் இரண்டை மூடி, மெதுவாகப் போகும் வண்டிகளை வேகப் பாதையில் திருப்பிவிடுவார்கள். நடுவிலுள்ள சின்ன ஸ்டேஷன்களில் சில வண்டிகள் நிற்காது. அங்கே ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போகிறவர்கள் சமையலைவிட மெகா பிளாக்கைத்தான் முதலில் விசாரிப்பார்கள்.

ஜப்பானில் 1964-ல் தொடங்கிய புல்லட் ரயில் பாதையில் இதற்கு வேறு ஏற்பாடு. நள்ளிரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை பயணிகள் வண்டியே கிடையாது. அந்த ஆறு மணி நேரமும் தண்டவாளத்துக்கு என்றே எழுதி வைத்தது. காலையில் முதல் வண்டிக்கு முன்னால் ஒரு சோதனை வண்டி ஓடிப் பாதையைச் சரிபார்க்கும். அந்தப் பாதையில் கூட்ஸ் கிடையாது, ராத்திரிப் பயணிகள் கிடையாது, அதனால் முடிகிறது. எக்ஸ்பிரஸ், பாசஞ்சர், கூட்ஸ் எல்லாவற்றையும் ஒரே பாதையில் விடும் நம் நாட்டுக்கு அது சுலபமல்ல. ஆனால் பராமரிப்பு நேரம் என்பது வண்டி ஓடியது போக மிஞ்சும் நேரமல்ல, முதலிலேயே எடுத்து வைக்க வேண்டிய நேரம் என்பதை நாம் கற்றுக்கொள்ளலாம். சம்பளம் வந்ததும் வாடகையையும் பால் கணக்கையும் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தானே மற்றச் செலவுகளைப் பார்க்கிறோம்?

தள்ளிப்போட்டால்?

இங்கிலாந்தில் ஹாட்ஃபீல்ட் என்ற ஊரில் 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 17 அன்று, லண்டனிலிருந்து லீட்ஸுக்கு மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர் வேகத்தில் போன ரயில் தடம் புரண்டது. நாலு பேர் இறந்தார்கள். 70 பேருக்கும் மேல் காயம். தண்டவாளத்தில் நுண்ணிய விரிசல்கள் ஓடியிருந்தன. சக்கரம் ஏறியதும் அது கண்ணாடிபோல் நொறுங்கிவிட்டது. இதில் மனத்தை வருத்தும் விஷயம் என்னவென்றால், அந்த இடம் மோசம் என்பது முன்பே தெரியும். மாற்ற வேண்டிய புதுத் தண்டவாளமும் வந்து, பாதையின் ஓரத்திலேயே மாதக்கணக்கில் கிடந்தது. ஏற்பாடும் நேரமும் கூடிவராமல் வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. விபத்துக்குப் பிறகு இன்னும் எங்கெல்லாம் விரிசலோ என்று பயந்து, நாடு முழுதும் நூற்றுக்கணக்கான இடங்களில் வேகத்தைக் குறைத்தார்கள். மாதக்கணக்கில் வண்டிகள் ஊர்ந்தன. சில மணி நேரம் நிறுத்தியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

நம் நாட்டிலும் நடந்தது. 2017 ஆகஸ்ட் 19 அன்று உத்தரப் பிரதேசத்தில் கதௌலி அருகே, பூரியிலிருந்து ஹரித்வாருக்குப் போன உத்கல் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டு 20 பேருக்கும் மேல் மாண்டார்கள். அந்த இடத்தில் தண்டவாள வேலை நடந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்குரிய பிளாக் இல்லை. வருகிற வண்டியை நிறுத்தும் எச்சரிக்கையும் இல்லை. பாதைக்கு நேரம் கொடுப்பதா, வண்டிக்கு நேரம் கொடுப்பதா என்ற இழுபறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

2023 நவம்பரில் ரயில்வேயின் பொது விதிகளிலேயே ஒரு மாற்றம் செய்தார்கள். பிளாக்குகளைப் பல வாரங்களுக்கு முன்பே திட்டமிட்டு, தொடர்ந்து நகர்த்திக்கொண்டு போகும் 'ரோலிங் பிளாக்' முறை அது. ஒரே பிளாக்கில் தண்டவாளம், சிக்னல், மின்கம்பி என்று மூன்று துறையினரும் சேர்ந்து வேலையை முடிப்பதும் இப்போது வழக்கமாகி வருகிறது. தண்ணீர் வந்த நேரத்திலேயே துணியையும் துவைத்து, பாத்திரத்தையும் தேய்த்து, குடத்தையும் நிரப்பிக்கொள்ளும் நமக்கு இந்தச் சாமர்த்தியத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தள்ளிப்போடுவது என்றதும் நம் உடம்பும் நினைவுக்கு வராமல் இல்லை. "குழந்தைக்குப் பரீட்சை முடியட்டும், நாத்தனார் கல்யாணம் ஆகட்டும், அப்புறம் டாக்டரிடம் போறேன்" என்று எத்தனை பேர் சொல்கிறோம்! ஓடிக்கொண்டே இருக்கிற எதற்கும் ஒரு நாள் நின்று பார்த்துக்கொள்ள நேரம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

'கூட்டம் இல்லாத நேரம்' யாருடைய நேரம்?

இவ்வளவு சொன்னாலும் நம் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விட முடியாது. பகல் 11 மணிக்கு மேல் 'கூட்டம் குறைவான நேரம்' என்று குறிக்கிறார்களே, அந்தக் குறைந்த கூட்டம் யார்? ஆபீஸ் போகிறவர்கள் காலையிலேயே போய்விட்டார்கள். எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுக் கைக்குழந்தையோடு திரும்பும் தாய், பூவும் கீரையும் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு வரும் அம்மாள், நாலு வீட்டில் வேலை முடித்துத் தன் வீட்டில் உலை வைக்க ஓடுகிறவள், இவர்கள்தான் அந்த 11 மணி வண்டியின் ஜனங்கள். வண்டி இல்லை என்றால் ஆட்டோவுக்குக் கொடுக்க இவர்களிடம் பணம் இருக்காது.

பிளாக் வேண்டாம் என்று நாம் சொல்லப் போவதில்லை. நாலு விஷயங்களை மட்டும் உரிமையோடு கேட்கலாம். அறிவிப்பு முன்கூட்டியே வர வேண்டும்; செல்போன் இல்லாதவரும் படிக்கும்படி ஸ்டேஷன் வாசலில் நல்ல தமிழில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். ரத்தாகும் வண்டிகளுக்கு ஈடாகக் கூடுதல் பஸ் வேண்டும். 2024 ஜூலை, ஆகஸ்டில் தாம்பரம் யார்டை மாற்றி அமைத்தபோது வண்டிகள் நிறைய ரத்தாயின. அப்போது கூடுதல் பஸ்கள் விட்டது உதவியாக இருந்தது. காத்திருக்கும் இடத்தில் குடிநீரும் சுத்தமான கழிப்பறையும் வேண்டும். கடைசியாக, சொன்ன நேரத்தில் வண்டி விட வேண்டும். புகார்ப் புத்தகத்தில் எழுதும்போது "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று எழுதாமல் இந்த நாலையும் எழுதினால் பலன் உண்டு.

அவரும் ஒருத்தியின் கணவர்

தண்டவாளத்தில் வேலை செய்பவர்களுக்குப் பெரிய ஆபத்து பக்கத்துப் பாதைதான். ஒரு பாதையில் வண்டி வருகிறதென்று ஒதுங்கி அடுத்த பாதையில் கால் வைக்கும்போது அங்கே இன்னொரு வண்டி வரும். மின்சார வண்டி வருகிற சத்தமும் அதிகம் கேட்காது. இயந்திரம் ஓடினால் எதுவுமே கேட்காது. இதற்காகவே ஒருவர் விசிலும் கொடியுமாகக் காவல் நிற்பார். தூரத்தில் பளிச்சென்று தெரியும் சட்டை உண்டு. வண்டி நெருங்குவதைச் சொல்லும் 'ரக்‌ஷக்' என்ற கருவியும் சில பகுதிகளில் வந்திருக்கிறது. ஆனாலும் எல்லாவற்றையும்விடப் பெரிய பாதுகாப்பு, பாதையில் வண்டியே வராது என்ற உறுதி. அதுதான் பிளாக்.

எங்கள் காலனியில் ஒரு கீமேனின் மனைவி இருந்தாள். மழை ராத்திரிகளில் எங்கள் வாசலில் வந்து நிற்பாள்.

"அம்மா, அய்யா வந்துட்டாரா?"

"இன்னும் இல்லேம்மா. உள்ளே வா, நனையாதே."

"இல்லேம்மா. அய்யா வந்துட்டா எங்க வீட்டுக்காரரும் வந்துடுவாரு. அதான் பாத்துட்டுப் போகலாம்னு..."

அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து, தூரத்தில் டார்ச் வெளிச்சம் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம். ஒவ்வொரு வண்டி போகும்போதும் அவள் வாய்க்குள் எதையோ முணுமுணுப்பாள். வண்டி தாமதமானால் பயணிகளுக்கு அரை மணி நஷ்டம். ஆள் தாமதமானால் எங்களுக்கு உயிரே போய்விடும். இப்போது பெண்களும் டிராக் வேலைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டில் யார் இப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ!

பிளாக் நாளில் குழந்தையோடு கிளம்புகிறீர்களா?

1. கிளம்பும் முன் 139 என்ற எண்ணுக்குப் போன் செய்தோ, வீட்டுப் பிள்ளைகளை ரயில்வேயின் செயலியில் பார்க்கச் சொல்லியோ வண்டி உண்டா என்று தெரிந்துகொள்ளுங்கள். நேற்று ஓடிய வண்டி இன்றும் ஓடும் என்று நம்ப வேண்டாம்.

2. ஆஸ்பத்திரி, பரீட்சை, முகூர்த்தம் போன்ற தவற விடக்கூடாத காரியமானால் பிளாக் தொடங்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடும்படி கிளம்புங்கள். முடியும் நேரத்தை ஒட்டிய முதல் வண்டியில் நெரிசல் அதிகமாக இருக்கும். கைக்குழந்தை உள்ளவர்கள் அடுத்த வண்டியில் ஏறுவது நல்லது.

3. கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர், குழந்தைக்கு ஒரு வேளைக்கு அதிகமான ஆகாரம், இரண்டு மாற்றுத் துணி, காய்ச்சல் மருந்து இவற்றைப் பையில் வையுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையானால் பெரிய ஸ்டேஷன்களில் அதற்கென்று அறை இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

4. பிளாட்பார அறிவிப்பைக் கவனித்துக் கேளுங்கள். பிளாக் நாளில் வழக்கமான பிளாட்பாரத்தில் வண்டி வராமல் போகலாம்.

5. எந்த அவசரத்திலும் தண்டவாளத்தைக் கடக்காதீர்கள். வேலை நடக்கும் நாளில் வண்டி வழக்கமில்லாத பாதையில், வழக்கத்துக்கு எதிர்த் திசையிலும் வரலாம். "இந்தப் பக்கம்தான் வரும்" என்ற நம்பிக்கை அன்றைக்குச் செல்லாது. மேம்பாலப் படி எத்தனை இருந்தாலும் ஏறி இறங்குங்கள்.

6. வண்டி மெதுவாகப் போகும்போது ஜன்னல் வழியே பளிச்சென்ற சட்டையில் ஆட்கள் ஒதுங்கி நிற்பது தெரியும். அவர்கள் யார், என்ன செய்கிறார்கள் என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள். குழந்தை கையசைத்தால் பெரும்பாலும் பதிலுக்கு ஒரு கை அசையும்.